எக்ஸ் என்கிற பருத்தி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூரில் நான் அல்ஜீப்ரா வாத்தியார். வகுப்பு முழுக்கப் பருத்தி விளைகிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டுமே என்று நானே ஒரு கணக்கைப் பலகையில் எழுதிச் சொன்னேன்.

"பருத்தியை அரைத்துக் கொட்டையை நீக்கினால் நூற்றுக்கு முப்பது பங்கு பஞ்சு. அறுபது ராத்தல் பஞ்சு கிடைத்தது. பருத்தி எத்தனை ராத்தல்? அதை எக்ஸ் என்று வைத்துக்கொள்."

"ஏனுங்க சார், எக்ஸ் கம்போடியாப் பருத்திங்களா, கருங்கண்ணிங்களா?" என்றான் ஒருவன்.

"ஏதோ ஒரு பருத்தி."

"கருங்கண்ணிக்கு முப்பது தேறாதுங்க."

பெஞ்சுக்குப் பெஞ்சு சண்டை மூண்டது. சமன்பாடு பலகையில் ஏறவே இல்லை.

எரிச்சலில் பருத்தியை அழித்துவிட்டு ஆப்பிள் என்று எழுதினேன். நூற்றுக்கு முப்பது அழுகல், அழுகியவை அறுபது. ஒரே நிமிஷத்தில் எல்லோரும் 30x/100 = 60 என்று எழுதிவிட்டார்கள். ஒரு கேள்வியும் வரவில்லை. அவர்களில் ஒருவனும் ஆப்பிளைக் கண்ணால் கண்டதில்லை.

நானும்தான்.