மணலில் இழுத்த கோடு

என் முதுகெலும்பை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு பேருந்தில். தொண்ணூறுகளின் கடைசி. சென்னையில் ஸ்கேன் எடுத்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முதுகு வலியில் என்னால் உட்கார முடியாது, நின்றுகொண்டே வந்தேன். முட்டுக்காடு பாலத்தில் வண்டி ஏறியபோது பொறுமை போய்விட்டது. அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, உறையிலிருந்து படத்தை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அத்தனை ஒழுங்காக அடுக்கியிருந்தன. நாற்பத்திரண்டு வருஷமாக நான் குனிந்ததும் நிமிர்ந்ததும் ஓடிப்போய் பஸ் பிடித்ததும் இதன் தயவில்தானா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கண்டக்டரும் எட்டிப் பார்த்தார்.

கீழிருந்து இரண்டாவது இடைவெளியில் மட்டும் டிஸ்க் பின்பக்கமாகப் பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பை அமுக்கிக்கொண்டிருந்தது. பிதுங்கியது சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. இதற்காகவா ஒரு மாதமாகச் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டேன் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

எனக்குக் கடலோரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. எந்த முள் ஒழுங்காகக் காட்டுகிறது, எந்த முள் ஏமாற்றுகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அந்தத் தொழில் புத்தி வீட்டிலும் விடாது. பால்காரரின் ஆழாக்கைக்கூட ஒருமுறை சோதித்துவிட, அவர் மூன்று நாள் எங்கள் பக்கமே வரவில்லை.

அறுவை சிகிச்சை நிபுணரிடமும் அதே புத்தியோடுதான் போனேன். "ஆபரேஷன் செஞ்சா எத்தனை சதவீதம் சரியாகும்? பிசியோதெரபின்னா எத்தனை?" என்று கேட்டேன். "சதவீதம் ஊருக்குச் சொல்லலாம் சார், உங்க ஒரு முதுகுக்கு எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். இப்போதைக்குக் காலில் பலம் இருக்கிறது, ஆகவே ஆறு வாரம் பயிற்சி செய்து பார்க்கலாம், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். "ஆனா ஒண்ணு. வலியை மட்டும் பார்க்காதீங்க. காலோட பலம் குறைஞ்சா அன்னைக்கே வரணும்." நான் தலையாட்டினேன். ஆட்டிய தலைக்குள் அது போகவில்லை.

எனக்கு ஆபரேஷன் செய்து முடித்துவிட வேண்டும் என்று மனைவி நினைத்தாள். "அமுக்குறதை எடுத்துட்டா முடிஞ்சது. அதுக்கு எதுக்கு இத்தனை யோசனை?" என்றாள். அலுவலகக் குடியிருப்பில் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். முதுகில் கத்தி பட்டால் ஆள் எழுந்திருக்கவே மாட்டான் என்றார் மாடி வீட்டுக்காரர். அவருக்குத் தெரிந்த ஒருவர், அந்த ஒருவருக்குத் தெரிந்த இன்னொருவர். உள்ளூர எனக்கும் கத்தி என்றாலே பயம். அந்தப் பயத்துக்கு விஞ்ஞானம் என்று பெயர் வைத்து, முதலில் பயிற்சி என்று முடிவு செய்தேன்.

பயிற்சிக்காக வாரம் மூன்று நாள் செங்கல்பட்டு. திருக்கழுக்குன்றம் சாலையில் எத்தனை பள்ளம் என்று என் முதுகுக்கு மனப்பாடம். சிகிச்சை கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். குப்புறப் படுக்கவைத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கச் சொல்வார். ஒவ்வொரு முறையும் கடைசியில், "எங்க, குதிகால்ல நடந்து காட்டுங்க சார்" என்பார். விரல்களைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்து காட்டுவேன். கரகம் ஆடுவதுபோல் இருக்கிறது என்று நானே கேலி செய்துகொள்வேன். அது எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

வீட்டில் ஒரு வரைபடத்தாள் ஒட்டினேன். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மார்க் போட்டுப் புள்ளி வைத்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து கோடு இறங்கத் தொடங்கியது. ஏழு, ஐந்து, மூன்று. இறங்க இறங்க என் தலைக்கனம் ஏறியது. மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான்காவது வாரம் ஒரு காலையில் வலி பூஜ்யம். சம்மணம் போட்டு உட்கார்ந்து தோசை சாப்பிட்டேன். இனி எதற்கு செங்கல்பட்டு என்று அந்த வாரம் போகவே இல்லை.

அதே வாரத்தில் இடது கால் செருப்பு இரண்டு தடவை நழுவி விழுந்தது. வாரைக் குறை சொல்லி வேறு செருப்பு வாங்கினேன். அலுவலகப் படியில் கால்விரல் தடுக்கியது. படி கட்டிய கான்ட்ராக்டரைத் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால் மனைவியைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். குடியிருப்பைத் தாண்டினால் மீனவர் குப்பம், அங்கே கரைக்கு வரும் மீனை வாங்குவது எங்கள் வழக்கம். இரண்டு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்தோம். அவளுக்கு முன்னால் நான் வீம்பாக வேகமாக நடந்தேன். சங்கரா மீன் வாங்கித் திரும்பும்போது, எங்களுக்கு எப்போதும் மீன் கொடுக்கும் அம்மா கூடையோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார், காலுக்கு இன்னா ஆச்சு? கோடு போட்டுகினே போற?" என்றார்.

"என்ன கோடு?"

"திரும்பிதான் பாரேன். நான் அப்பத்லேந்து பாத்துகினு வரேன்."

திரும்பினேன். வலது காலின் தடங்கள் குதிகாலும் ஐந்து விரலுமாக அச்சுப் பதித்ததுபோல் வரிசையாக இருந்தன. இடது காலின் ஒவ்வொரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவில், கட்டைவிரல் இழுத்த கோடு. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, ஒன்றுகூட விடாமல். எங்கள் ஆய்வகத்தில் காகிதச் சுருளில் பேனா கோடு போடும் கருவி இருக்கிறது. அதுபோல என் கால் தன் நிலைமையை எழுதிக்கொண்டே வந்திருக்கிறது, நான் மட்டும் முன்னால் பார்த்து நடந்திருக்கிறேன். அந்த நிமிஷம் பயத்தைவிட பிரமிப்புதான் பெரிதாக இருந்தது. ஒரு கருவியும் இல்லாமல், வெறும் மணல் இத்தனை சரியாக அளந்துவிட்டதே!

குதிகாலில் நின்று பார்த்தேன். வலது விரல்கள் எழுந்தன. இடது விரல்கள் யாரோ வேறு ஆளுடையவைபோல் மணலிலேயே கிடந்தன. தூக்கு, தூக்கு என்று மனசுக்குள் கத்தினேன். பயம் அப்போதுதான் வந்தது.

மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "இன்னைக்கே போகலாம்" என்று மட்டும் சொன்னாள். கையிலிருந்த மீன் பையை அந்த அம்மா வாங்கிக்கொண்டார். "மீன நான் பாத்துக்கறேன். பேஜார் ஆவாத சார், மொதல்ல டாக்டராண்ட போ."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசினோம், உடனே வரச் சொன்னார்கள். அன்று மாலை அந்த நிபுணர் என் இரண்டு பாதங்களையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார். "வலி எப்ப போச்சு?"

"செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி."

"கால் எப்பலேர்ந்து தொங்குது?"

பால்காரரின் ஆழாக்கை அளந்தவனுக்குத் தன் கால் விழுந்த நாள் தெரியவில்லை. வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"குணமாகி வலி போகல சார்," என்றார் அவர். "வலியைச் சொல்ற நரம்பே ஓய்ஞ்சு போயிடுச்சு."

மறுநாள் காலை ஆபரேஷன். கண் விழித்தபோது ஒரு சின்னப் புட்டியைக் காட்டினார்கள். உள்ளே, பிதுங்கிய என் டிஸ்கின் துணுக்கு, உதிர்ந்த நண்டுச் சதைபோல் வெள்ளையாக. அதைப் பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. "மேல இருந்த பாரத்தை எடுத்தாச்சு. இனி நரம்பு எழுந்திருக்கணும். எழுந்திருக்கலாம், எழுந்திருக்காமலும் போகலாம்" என்றார் நிபுணர். இந்தத் தடவை நான் சதவீதம் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து, மீண்டும் செங்கல்பட்டு. குதிகால் நடையிலிருந்து தப்பித்து ஓடியவன் என்று அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. ஏன் பாதியில் நின்றாய் என்று அவர் கேட்காத கேள்வியை நானே அப்போது கேட்டுக்கொண்டேன், ஒவ்வொரு முறை அந்த அறைக்குள் நுழைந்தபோதும். என் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து, "தூக்குங்க" என்பார். நான் பல்லைக் கடித்துத் தூக்குவேன். பாதம் அசையாது. "மறுபடியும்" என்பார். இப்படியே வாரங்கள் போயின. நாட்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். இரண்டு மாதம் ஆனபோது, இந்தக் கால் இப்படியேதான் என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை, நான் ஏனோதானோவென்று முயற்சி செய்துகொண்டிருந்தபோது அவர் முகம் மாறியது. "இருங்க. திரும்பத் தூக்குங்க." தூக்கினேன்.

"வருது சார்."

குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "எங்கேம்மா, அசையவே இல்லையே?"

"உங்க கண்ணுக்குத் தெரியாது. என் விரலுக்குத் தெரியுது." என் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்தார். தோலுக்கு அடியில், ஒரு நூல் சுண்டியதுபோல், அவ்வளவுதான். நின்றது. மறுபடி மனசால் கூப்பிட்டேன். மறுபடி சுண்டியது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ நுட்பமான கருவிகளைத் தொட்டிருக்கிறேன். அந்த ஒரு துடிப்பைப்போல எதுவும் என்னை அசைத்ததில்லை. நான் அழுதேன். அவர் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "சரி, இன்னும் பத்து தடவை" என்றார்.

கால் முழுதாகத் தேற அதற்குப் பிறகும் ஆறு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியும் நானும் மறுபடி அந்த ஈர மணலில் நடந்தோம். இந்தத் தடவை அவள் எனக்குப் பின்னால் வந்தாள், தரையைப் பார்த்துக்கொண்டே. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் அவள் நடக்கும் சத்தம் நின்றுவிட்டது. திரும்பினேன். என் இரண்டு இடது தடங்களுக்கு நடுவில் அவள் குந்தி உட்கார்ந்து, ஒன்றுமே இல்லாத அந்த மணலை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

மீன்காரம்மா கூடையோடு அந்தப் பக்கம் வந்தவர் நின்றார். "இன்னாமா தேடிகினு கீற? இன்னாத்த தொலச்ச?"

"இவர் கால் போட்ட அந்தக் கோட்டைத்தாங்க," என்றாள் என் மனைவி. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "எங்க தேடியும் காணோம்."