குடை பிடித்த தவளை

மாம்பழம் என்றால் எனக்குக் காம்பு போதும். கல் வைத்துப் பழுக்க வைத்ததா, தானாகப் பழுத்ததா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன். சித்தூரைச் சுற்றி மாங்கூழ் ஃபேக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்து, டிரம் டிரம்மாகக் கூழ் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். வாசலில் நின்று, லாரியில் வரும் பழத்தைப் பார்த்து, இது உள்ளே போகட்டும், இது திரும்பட்டும் என்று சொல்வதுதான் என் வேலை. என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வேன். அந்தத் திமிரை அடக்கியது ஒரு தவளை. கட்டைவிரல் அளவுகூட இருக்காது.

தவளை என் மகளுடையது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போய் அங்கேயே வேலையில் உட்கார்ந்துவிட்டவள், ஒரு முறை லீவுக்கு வந்தபோது ஒரு கார்க் பலகையைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டினாள். பலகை நிறைய பின்கள். சட்டையில் குத்திக்கொள்கிற உலோக பின்தான், மேலே எனாமலில் பொம்மைப் படம் இருக்கும். அங்கே ஏதோ ஒரு பெரிய பொம்மைப் பூங்காவில் இவற்றை விற்கிறார்களாம். பெரியவர்களே வாங்கிச் சேர்க்கிறார்களாம், ஒருத்தருக்கொருத்தர் மாற்றிக்கொள்கிறார்களாம். அட கர்மமே, இதற்கா இவ்வளவு படித்தாய் என்று கேட்டேன். சிரித்தாள். நடுவில் சிவப்புக் குடை பிடித்த பச்சைத் தவளை ஒன்று. அதைச் சுற்றி மட்டும் இடம் விட்டுக் குத்தியிருந்தாள்.

"மத்ததைத் தொட்டாலும் இதைத் தொடாத நைனா" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

தொட்டேன். தொட வைத்துவிட்டார்கள்.

திருப்பதியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் அமெரிக்காவில், பெண்ணும் அமெரிக்காவில். ஆகவே அவர்கள் பார்க்க வந்தது என்னையும் என் மனைவியையும் வீட்டையும்தான். மகளுக்கு நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் போனிலேயே சாமியாடிவிடுவாள். மாப்பிள்ளையின் அக்கா தன் சின்னப் பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள். நாலு வயது இருக்கும். அந்தப் பெண் பலகையைப் பார்த்ததும் தவளையைக் காட்டி அழ ஆரம்பித்தது. மைசூர்பாகு கொடுத்தோம், வாழைப்பழம் கொடுத்தோம். தவளைதான் வேண்டுமாம். தரையில் புரண்டது.

"பர்வாலேது, வுடுங்க. அது அப்டித்தான் அழுதுக்கினு இருக்கும்" என்றாள் அக்காக்காரி. வாய்தான் அப்படிச் சொன்னது. குழந்தையைத் தூக்க அவள் கை நீளவில்லை.

எங்கள் ஜனத்தில், பெண் பார்க்க வந்த வீட்டுக் குழந்தை அழுதுகொண்டே வாசல் தாண்டினால் அந்தச் சம்பந்தம் அமையாது என்று ஒரு பேச்சு உண்டு. என் மனைவி கண்ணைக் காட்டினாள். நான் எழுந்து போய்த் தவளையைப் பிடுங்கி அந்தப் பெண்ணின் கவுனில் குத்திவிட்டேன். அழுகை அந்த நிமிஷமே நின்றது. "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனவர்கள் இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

ஒரு மாதம் போனது. ஒருநாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது மகள் போன் செய்தாள்.

"நைனா, தை மாசம் வரேன். அங்க என்கூட ரூம்ல இருந்தாளே, நம்ப ஜில்லா குப்பம் ஊரு பொண்ணு, அவளுக்குக் கல்யாணம். அந்தத் தவளைப் பின்னு அவ குடுத்ததுதான். கல்யாணத்துக்கு அதைப் பொடவையில குத்திக்கினு வரேன்னு அவளாண்ட சொல்லி வச்சிருக்கேன். பத்திரமா இருக்குதில்ல?"

"இருக்குது. எங்க போவப் போவுது?" என்றேன்.

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது, பாருங்கள். போனை வைத்தபோது காபி ஆறிப்போயிருந்தது. மனைவி தரகர் மூலமாக மாப்பிள்ளை வீட்டில் விசாரித்தாள். கேட்கவே நாக்கு கூசியது என்றாள். பதில் மறுநாளே வந்தது.

"மலைக்கு நடந்து போன எடத்துல எங்கியோ வுழுந்துடுச்சாம்."

ஏழுமலையில் எந்தப் படியில் போய்த் தேடுவது? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் போனில் தேடினேன். அடேயப்பா! அதே தவளை, அதே குடை, பக்கம் பக்கமாக வந்தது. 'நூற்றுக்கு நூறு ஒரிஜினல்' என்று போட்டிருந்த ஒருத்தனிடம் வாங்கினேன். நாலே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது. பார்த்தால் நம் தவளை மாதிரியேதான் இருந்தது. நெஞ்சில் பால் வார்த்தாற்போல் ஆயிற்று. அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடுவேனா? பழம் வாங்கினாலே காம்பு பார்க்கிறவன் ஆயிற்றே. போலி பின்னை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வீடியோ பார்க்க உட்கார்ந்தேன்.

ஒரு வெள்ளைக்காரி சொல்லிக்கொடுத்தாள். அசல் பின் கையில் வைத்தால் கனக்குமாம், போலி தகரம்போல லேசாக இருக்குமாம். அசலின் விளிம்பை நகத்தால் வருடினால் வழுக்கும், போலியில் சொரசொரக்கும். வண்ணம் கோட்டைத் தாண்டக் கூடாது, குழி விழக் கூடாது. பின்பக்கத்தில் அச்சடித்த கோலம் விளிம்பு வரை போய் வெட்டுப்பட்டிருக்க வேண்டும். ஓரத்தில் வரம்பு கட்டியிருந்தால் அது போலி. நான் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன். வந்த தவளை எல்லாவற்றிலும் ஃபெயில். பச்சை வண்ணம் வழிந்து குடைக்கம்பியில் ஏறியிருந்தது. ஒரு கண் இறங்கியிருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நம்பளுதுலயும் கம்பி மேல பச்சை இருந்துச்சே" என்றாள்.

பலகையை முன்பு போனில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏதோ பச்சையாகத்தான் தெரிந்தது. "படம் மங்கலா இருக்குது. உனக்கு இன்னா தெரியும், போ" என்று எரிந்து விழுந்தேன்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! என்னிடமே கல் வைத்த பழமா? தவளையைத் திருப்பி அனுப்பினேன். ஒற்றை ஸ்டார் கொடுத்தேன். குற்றங்களையெல்லாம் சிவப்பு வட்டம் போட்டுப் படமாக ஏற்றினேன். அதோடு நிற்காமல், அதே தவளையை விற்கிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் மீதும் 'போலி' என்று புகார் கொடுத்தேன். காலையில் பேப்பர் படிப்பதற்கு முன் இதுதான் வேலை. இரண்டு வாரத்தில் மெயில் வந்தது: உங்கள் புகாருக்கு நன்றி, அந்தப் பொருட்களை நீக்கிவிட்டோம். டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினேன்.

அசலைத் தேடிப் பிடித்தது தனிக்கதை. பின் சேர்க்கிறவர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்ளும் ஒரு வெளிநாட்டுப் பக்கத்தில் கிடைத்தது. பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்த ஆளின் உயிரை எடுத்தேன். விலையை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. பார்சல் வருவதற்குள் மார்கழியே பிறந்துவிட்டது. அதுவும் திருப்பதி கூரியர் ஆபீஸோடு நின்றுவிட்டது, பஸ் ஏறிப் போய்த்தான் வாங்கினேன். கவுண்ட்டரிலேயே பிரித்தேன். கனம் இருந்தது. விளிம்பு வழுக்கியது. பச்சை பச்சையின் இடத்தில் நின்றது. பின்பக்கக் கோலம் கச்சிதம். பஸ்ஸில் சித்தூர் வரும்வரை சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. வந்ததும் பலகையின் நடுவில், அதே ஓட்டையில் குத்தினேன்.

மகள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பலகைக்குத்தான் போனாள். தவளையைப் பிடுங்கினாள். முன்னால் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், மறுபடி முன்னால் பார்த்தாள்.

"நைனா, இது ஏது?"

"இன்னாம்மா ஏது? உன்னுதுதான்."

"இது ஒரிஜினல் நைனா."

"ஆமா, ஒரிஜினல்தான்!" என்றேன். குரலில் பெருமைகூட இருந்திருக்கும்.

"என்னுது டூப்ளிகேட்" என்றாள்.

அவளே சொன்னாள். அங்கே போன முதல் குளிர்காலம். பூங்காவுக்குப் போக இரண்டு பேருக்குமே வழி கிடையாது. இவள் பிறந்தநாளுக்கு அந்தக் குப்பத்துப் பெண் ஆன்லைனில் தேடி, அசல் என்று நம்பி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பின்னால் இவளுக்கு விஷயம் தெரிந்தது. கம்பியில் ஏறிய பச்சையையும், இறங்கிய கண்ணையும் காட்டி யார் யாரோ சிரித்தார்களாம். அவளிடம் மட்டும் இவள் சொல்லவேயில்லை. அந்தப் பெண் வேலை போய், விசா முடிந்து ஊர் திரும்பியபோதும் சொல்லவில்லை.

"இதைக் குத்திக்கினு போனா அவ ஒடனே கண்டுபிடிச்சிடுவா நைனா. தான் குடுத்தது டூப்ளிகேட்டுன்னு நான் மாத்திக்கினேன்னு நெனைப்பா. கல்யாணத்தன்னிக்கு அவளுக்கு இது தெரியணுமா? என்னுது எங்க?"

மாப்பிள்ளை வீட்டார் வந்ததைச் சொன்னேன். கவுனில் குத்தியதைச் சொன்னேன். மலைப்படியைச் சொன்னேன். சாமியாடுவாள் என்று நினைத்தேன். ஆடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையில் இருந்த தவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பிறகு அவளாகவே போனை எடுத்தாள். "பரவாயில்ல, இன்னும் பத்து நாள் இருக்குது. டூப்ளிகேட்டுதானே, எங்கியும் கிடைக்கும்" என்று தேட ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். முதல் பக்கம் திறந்தது: இந்தப் பொருள் இப்போது இல்லை. அடுத்தது: இல்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று.

"இன்னா நைனா இது, ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க" என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யாரோ கம்ப்ளைன்ட் குடுத்துட்டாங்க போல" என்றேன்.