போன் ஒயரில் வந்த ஆண்டாள்

1999 அக்டோபர் 20, புதன்கிழமை, மாலை நாலே கால் மணி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையை மேகம் மூடியிருந்தது; தூறல் இன்னும் விழவில்லை. என் கம்ப்யூட்டர் திரை அன்று ஐந்தாவது முறையாக உறைந்து நின்றது.

இந்த வயதில் எதற்குக் கம்ப்யூட்டர் என்பீர்கள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு நான்தான் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அந்த மாதத் தொடக்கத்தில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள்; காலில் மாவுக்கட்டு. வீட்டில் வேறு ஆள் இல்லை. தீபாவளி போனஸ் கணக்கோ வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும், நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு. முடியாவிட்டால் அவர்கள் துணி எடுப்பது எப்படி? இவளைத் தனியே விட்டுவிட்டு நான் போவதுதான் எப்படி?

மில்லுக்குக் கம்ப்யூட்டர் விற்ற சாகுல் பாய் ஒரு வழி சொன்னார். அங்கே கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் லினக்ஸ். என் வீட்டிலும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதையே போட்டு, மோடம் வைத்து, போன் லைன் வழியாக இணைத்துக் கொடுத்தார். மில் திரை அப்படியே இங்கே தெரியும். உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கலாம்.

தெரிந்தது... பட்டை பட்டையாக. முதலாளி பக்திமான், கம்ப்யூட்டர் திரை முழுக்க ஆண்டாள் படம் வைத்திருக்கிறார். கொண்டை தெரிய ஒரு நிமிடம், கிளி தெரிய இன்னொரு நிமிடம். கணக்கைத் திறந்து கொஞ்சம் நகர்த்தினால் மறுபடி கொண்டையிலிருந்து ஆரம்பம். நடுவில் லைன் போய்விடும். என்ன ஆயிற்று என்று மில்லில் கேட்கவும் வழியில்லை. வீட்டில் இருக்கும் ஒரே போனை மோடம் அல்லவா பிடித்துக்கொண்டிருக்கிறது!

அன்று மோடத்தைப் பிடுங்கிவிட்டுப் பாய்க்குப் போன் செய்தேன். வந்தார். மூன்று நாளில் மூன்றாவதாக வேறொரு மென்பொருள் போட்டுப் பார்த்தார். அது கிளி வரைக்கும்கூட வரவில்லை. நான் மழை மேகத்தைத் திட்டினேன், தெருமுனை போன் கம்பத்தைத் திட்டினேன். பாய் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, லைன் மேல குத்தமில்ல. அந்தப் படம்தான் கனம். அம்புட்டும் இந்த ஒயர்ல வரணும்லா."

முன்பே சொல்வதற்கென்ன என்று கேட்டேன்.

"நான் போயி, சாமி படத்த எடுங்கன்னு மொதலாளிட்ட சொன்னா நல்லாவா இருக்கும்? நீங்க சொல்லுங்க."

நானா? தீபாவளி நேரத்தில், போனஸில் அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலா?

கட்டிலில் காலை நீட்டியிருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஆண்டாள் நம்ம ஊருலதான இருக்கா? அவள ராஜபாளையத்துல இருந்து எதுக்கு இங்க இழுத்துட்டு வாரிய? படம் அங்கன இருந்துட்டுப் போட்டும். உங்களுக்கு வேண்டியது கணக்குதான?"

பாய் சிரிக்கவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சம்பளப் புரோகிராம் வெறும் எழுத்தில் ஓடுவது. படமோ அலங்காரமோ அதற்குத் தேவையே இல்லை. திரையைக் கொண்டு வராமல், எழுத்து மட்டும் வந்து போகிற மாதிரியும் லினக்ஸுக்குள் நுழையலாமாம். யாரும் எதையும் எடுக்க வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. என் பெயரைக் கேட்டது, தட்டினேன். உள்ளே விட்டது.

புதிதாக ஒரு மென்பொருள் தேடி மூன்று நாள் அலைந்திருக்கிறேன். கிடைத்த மாற்று, அவை எல்லாவற்றையும்விடப் பழையது!

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. லைன் அறவில்லை. மில்லிலிருந்து கொடுத்தனுப்பிய வருகைப் பதிவேட்டைப் பார்த்து, என் மனைவி கட்டிலில் இருந்தபடி ஒவ்வொருவரும் வேலைக்கு வந்த நாட்களை வாசிக்க, நான் தட்டினேன். வெள்ளி மதியம் மில்லில் பட்டியல் அச்சாகி, கையெழுத்தும் ஆகிவிட்டது. மாவுக்கட்டு பிரித்த பிறகும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பாருங்கள் என்கிறார் முதலாளி. பஸ் நெரிசலில் இருந்து எனக்குப் பாதி விடுதலை.

நேற்று போன் பில் வந்தது. பெரும்பகுதி தரிசனக் கட்டணம்தான். மொத்தம் அறுநூற்று நாற்பத்தேழு ரூபாய்.