பிள்ளையாருக்கு நேர்ந்த மீசை

தம்பி ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். எனக்கு அப்போது ஏழு வயது. அம்மாவும் அவனும் டவுனில், புளியந்தீவு ஆஸ்பத்திரியில். நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பெரியம்மா வீட்டில். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்களாம். தேறுறது கஷ்டமாம் கா" என்று பெரியம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். குரலைத் தாழ்த்தினால் பிள்ளைகளுக்குக் காது கேட்காது என்று பெரியவர்களுக்கு யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பிள்ளையார் கோயிலுக்குள் நுழைந்தேன். கோயிலென்றால் ஒரு கொட்டிலும் ஒரு மணியும்தான். தம்பி வீட்டுக்கு வரவேண்டும், அதற்கு என்ன தருவது என்று பேச்சைத் தொடங்கினேன். முதலில் என் சிவப்பு ரிப்பன். பிறகு கலர் பென்சில் பெட்டி. ஓர் உயிருக்கு இது காணாது என்று எனக்கே தெரிந்தது. ஊரில் பெரிய நேர்த்தியென்றால் மொட்டை போடுவார்கள். பேன் தொல்லையென்று அம்மா என் தலையைப் போன மாதம்தான் ஒட்ட வெட்டியிருந்தார். அப்பாவுக்கோ வழுக்கை. மிஞ்சியது அவருடைய மீசை.

அது லேசுப்பட்ட மீசையில்லை. மேசன் வேலைக்குப் போகுமுன் சுவரில் மாட்டிய சின்னக் கண்ணாடியில் பார்த்து, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுத்தான் அப்பா சேர்ட் போடுவார். வேலைக்குப் பிந்தினாலும் மீசைக்குப் பிந்தமாட்டார்.

"பிள்ளையாரே, தம்பிய வீட்ட அனுப்புங்க. அப்பாட மீசைய உங்களுக்குத் தாறன்" என்றேன். ஆளைக் கேட்காமல் நேர்கிறோமே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லை. மணியை ஒரு தரம் அடித்துவிட்டுப் போய்விட்டேன். அன்றிலிருந்து எனக்குக் கவலையே கிடையாது. பெரியம்மா கண்ணைத் துடைக்கும்போதெல்லாம், இவவுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒன்றரை மாதத்தில் தம்பி வந்தான், ஒரு துவாய்க்குள் சுருண்டு, பூனைக்குட்டியளவில். பிள்ளையார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். என் பங்கைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒரு கிழமை அப்பாவின் மீசையைப் பார்த்துப் பார்த்தே திரிந்தேன். எட்டாம் நாள் தம்பிக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. பிள்ளையார் கேட்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா கோயில் பக்கம் போகிற ஆளில்லை. திருவிழாவுக்கு எங்களைக் கூட்டிவந்தாலும் வாசலில் கச்சான் கடலை வாங்கித் தந்துவிட்டு வெளியிலேயே நிற்பார். எனக்கு அடி நிச்சயம் என்றிருந்தேன். அவர் குனிந்து கேட்டார்.

"முழு மீசையுமா நேர்ந்த?"

"ஓம்."

"ஒரு பக்கத்தயாவது மிச்சம் வெச்சிருக்கலாமே, புள்ள."

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "விளையாடாதீங்க. ஐசிப் படத்தில மீசையோட இருக்கீங்க. சென்றியில என்ன சொல்லுவீங்க?" என்றார்.

அது பிரச்சினைக் காலம், சண்டை நடந்துகொண்டிருந்தது. வாவிப் பாலத்தடியில் இருந்த ஆமிச் சென்றியில் அடையாள அட்டையைக் காட்டாமல் டவுனுக்கு வேலைக்குப் போகமுடியாது. அட்டையிலிருக்கும் முகமும் ஆளின் முகமும் ஒன்றாக இருக்கவேண்டும். எனக்கு அதொன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியிருந்தது. ஆனாலும் சவரப் பிளேட்டை எடுத்துவிட்டார்.

மறுநாள் அவரைச் சென்றியில் மத்தியானம் வரைக்கும் உட்கார வைத்தார்களாம். அன்றைய வேலை போயிற்று. "நேர்த்திதான் முடிஞ்சுதே, மறுகா வளரவிடுங்க" என்று அம்மா கெஞ்சினார். தம்பியும் சளி இறங்கித் தேறிவிட்டான். அப்பா காலையில் எழும்பியதும் முதல் வேலையாக மேலுதட்டைத்தான் வழித்தார்.

சில மாதம் கழித்து எனக்குச் சப்பாத்து வாங்க, சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். சென்றியில் புதிதாக வந்த ஓர் இளம் சிப்பாய் அட்டையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆட்காட்டி விரலை மூக்குக்குக் கீழே குறுக்காக வைத்து மீசை காட்டினார். பிறகு என்னைக் காட்டினார், குழந்தையை ஏந்துவது போலக் கையை வளைத்தார், வானத்தைக் காட்டினார். சிப்பாய் சிரிக்கவில்லை, அட்டையைத் திருப்பித் தந்தான். பாலம் முடியும்வரை அப்பா சைக்கிளில் ஏறவில்லை, என்னைப் பாரில் வைத்து உருட்டிக்கொண்டே நடந்தார். ஒவ்வொரு நாளும் இவர் இங்கே இப்படித்தான் நிற்கிறார் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

இப்போது அந்தச் சென்றி இல்லை. தம்பி லொறி ஓட்டுகிறான், மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு. அவனைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளையாருக்கு நன்றி சொல்கிறேன், அப்பாவுக்கு அதைவிடக் கூடுதலாக. போன மாதம் ஊருக்குப் போனபோது அப்பா முற்றத்தில் இருந்து முகம் வழித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் கேட்காததை அன்றுதான் கேட்டேன்.

"சாமி பூதமெண்டு போகாத ஆள் நீங்க. அவன் தேறினதும் வளர்த்திருக்கலாம்தானே, அப்பா?"

அப்பா தண்ணீரில் பிளேட்டை அலசினார்.

"எத்தின நாளைக்கெண்டு நீ சொல்லல்லயே, புள்ள. எனக்குப் பயமாயிருந்திச்சு."