ஒத்திக்கு இருந்தவர்

நான்கு மணி நேரம் இருபது நிமிடம். நான் அந்த வீட்டுக்குள் இருந்தது அவ்வளவுதான். பட்டப்பகல் இரண்டு மணிக்கு உள்ளே போனேன். ஆறு இருபதுக்கு வெளியே வந்தேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. பேய் உண்டு என்று யாரையும் நம்பவைக்கவும் இதை எழுதவில்லை. நான் வேதியியல் படித்தவள். எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது பயம் அல்ல, கோபம்.

வீடு போடியில், குரங்கணி ரோட்டில் இருக்கிறது. அப்பா அதை ஈஸ்வர் என்பவரிடம் வாங்கினார். உள்ளே தவசி, சந்திரவல்லி என்று ஒரு புருஷன் பெண்டாட்டி ஒத்திக்கு இருந்தார்கள். ஒத்தி என்றால் மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டுக் குடியிருப்பார்கள். காலி செய்யும் நாளில் அந்தத் தொகை அப்படியே கைக்குத் திரும்ப வரவேண்டும். வாங்குகிறவர்கள் குடியிருப்பவர்களைக் காலி செய்யவைத்து இறக்கிய பிறகுதான் பத்திரம் போடுவார்கள். அப்பா அவசரப்பட்டார். "தவசிகிட்டப் பணத்தைக் குடுத்துட்டேன். ஒரு வாரத்துல எறங்கிருவாக" என்ற ஈஸ்வரின் வாய்ச்சொல்லை நம்பிப் பதிந்துவிட்டார்.

ஒரு வாரம் மூன்று மாதமானது.

சந்திரவல்லி விடியும் முன் போடிமெட்டு ஜீப்பில் மலை மேலுள்ள ஏலத்தோட்டத்துக்கு ஏறினால் இருட்டித்தான் இறங்குவாள். அப்பா போன் செய்தால், "பணம் எங்க கைக்கு வரலைய்யா" என்பாள். "உன் புருசன் வாங்கிட்டாராமே" என்றால், "அவுகளை எதுக்குய்யா இதுல இழுக்குறீக" என்று போனை வைத்துவிடுவாள். திமிர் என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சிலமலையில் நாங்கள் இருந்த வீட்டைக் காலி செய்தாயிற்று. எங்கள் பீரோவும் பாத்திரமும் பெரியப்பாவின் மாட்டுக்கொட்டகையில் கிடந்தன. நாளை மறுநாள் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தது. பத்திரம் எங்களிடம் இருந்தது. வீடு இல்லை.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கோபம் வந்தால் குரலே போய்விடும். ஆனாலும் அன்று ஈஸ்வர் கொடுத்த சாவியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். அவள் வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். என்றைக்கு இறங்குகிறாள் என்று கேட்காமல் நகரமாட்டேன்.

இரண்டு மணி. வெளியே பூட்டு தொங்கியது. திறந்தேன்.

முன்னறை. அடுப்படி. மூடிய பின்னறை. வீடெல்லாம் பச்சை ஏலக்காய் வாசனை. கொடியில் சேலைகள் மட்டும் காய்ந்தன. ஒரு சட்டை, ஒரு கைலி... எதுவும் இல்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. எங்கள் சுவரில் அவர்கள் அடித்திருந்த ஆணிகளைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

நான்கு பத்து. பின்னறையில் யாரோ இருமினார்கள்.

"யாரு?"

"நாந்தான் தாயி. தவசி."

பயம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள்! யார் வந்தாலும் வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பிப் போகட்டும் என்று!

"பணத்தை வாங்கிக்கிட்டு ஒளிஞ்சுக்கிட்டா இருக்கீங்க?"

கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

கதவு கொஞ்சம் திறந்தது. உள்ளே இருட்டு. நிலையைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் தெரிந்தது. ஏலக்காய் எடுக்கிறவர்களின் கை. நகக்கண்ணெல்லாம் கறை.

"யாரு குடுத்தாகளாம்?"

"ஈஸ்வர் அண்ணன்."

"என்னைக்குக் குடுத்தான்னு கேளு தாயி. எனக்குந் தெரியட்டும்."

போனை எடுத்தேன். அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னம்மா, இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்காளா?" ஈஸ்வர் சிரித்தார். "சட்டி பானையைத் தூக்கி ரோட்டுல வீசுங்க. வெரசா எறங்குவா."

"பணத்தை என்னைக்குக் குடுத்தீங்கண்ணே?"

"ஆடிப்பெருக்கு அன்னைக்கு. நல்ல நாளுன்னுதான் குடுத்தேன். தவசி கையிலயே. எச்சி தொட்டு எண்ணித்தான் வாங்குனான். சந்தேகம்னா அவனையே கூப்புட்டுக் கேளுங்களேன்!"

மறுபடியும் சிரிப்பு.

தவசியின் குரல் இப்போது போனுக்கு மிக அருகில் கேட்டது. கை மட்டும் நிலையிலேயே இருந்தது.

"ஈஸ்வரு..."

சிரிப்பு நின்றது.

"யாரும்மா... பக்கத்துல?"

"தவசி அண்ணன்தான். நீங்கதானே கேக்கச் சொன்னீங்க?"

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. திரும்ப அடித்தேன். போனை அணைத்துவிட்டிருந்தார்.

பணம் கொடுத்தவன் இப்படிப் பயப்படமாட்டான். மூன்று மாதமாக யாரைத் திட்டினோமோ அவள் சொன்னதுதான் நிஜம். இப்போது கோபம் முழுக்க ஈஸ்வர் மேல்.

"அண்ணே, வெளிய வாங்க. எங்கப்பாவைக் கூப்புடுறேன். சேந்து போயி அந்தாளைக் கேப்போம்."

அவராக வெளியே வரட்டும் என்று கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தரை. குளிர்ந்தது. மெட்டில் அடிக்கும் குளிர். என் வாயிலிருந்து புகை வந்தது. போடியில் எந்த மாதமும் அப்படி வராது. ஈரப்பதம், வெப்பநிலை என்று மனதுக்குள் காரணம் தேடினேன்.

கதவடியிலிருந்து தண்ணீர் வந்தது. செம்மண் கலந்த தண்ணீர்.

அன்று மழை இல்லை.

"அண்ணே..."

கை... காணோம்.

தண்ணீர் படாமல் காலை மடக்கி, வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

ஆறு பத்து. தெருமுனையில் ஜீப்பு நின்றது. பெண்கள் இறங்கும் சத்தம். தூக்குவாளியோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். சந்திரவல்லி.

"யாரு ஆத்தா நீ? எப்புடி உள்ள வந்த?"

"வீடு வாங்குனவர் மக. உங்க வீட்டுக்காரர்... உள்ள..."

அவள் என்னைப் பார்த்தாள். போய்ப் பின்னறைக் கதவை முழுக்கத் தள்ளினாள். ஜன்னல் இல்லாத அறை. சில உரச்சாக்குகள். தரை காய்ந்து கிடந்தது.

இருமலைச் சொன்னேன். கையைச் சொன்னேன். ஈஸ்வர் போனில் சொன்னதைச் சொன்னேன்.

அவள் பயப்படவில்லை. தூக்குவாளியைத் தரையில் ஓங்கி வைத்தாள்.

"ஆடிப்பெருக்கு அன்னைக்கா? இவுக கையிலயா குடுத்தான்? மாலை கொண்டாந்து போட்ட பயலுக்கு நாளு கூடவா தெரியாது?" அவள் குரல் உடைந்தது. "ஆடி ரெண்டுல மெட்டு வளைவுல ஜீப்பு உருண்டுச்சு ஆத்தா. ஆடிப்பெருக்குக்கு மொத நாத்தான் இவுகளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிச்சோம்."