மூச்சு மிஷினுக்குப் பொட்டு

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் பொறுப்பு என்னுடையது. சந்தனக் கிண்ணம் கைக்கு வந்துவிட்டால் எதையும் விட்டுவைக்க மாட்டேன். வேன், ஸ்பேனர், அரிவாள்மனை, மிக்ஸி, எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. கணக்குப் பாடப் புத்தகத்தை மட்டும் முதல் ஆளாகச் சாமி முன் வைத்துவிடுவேன். வைத்ததை மறுநாள் பூஜை முடியும்வரை தொடக்கூடாது என்பது எனக்கு மிகவும் பிடித்த சட்டம்.

நான் நான்காவது படித்த வருஷம் வீட்டுக்குப் புதிதாக ஒரு மிஷின் வந்திருந்தது. அப்பா திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் வேன் ஓட்டினார். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். அதனால் பகலில் தூங்கி வழிவார். ஒருநாள் வேங்கிக்கால் பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, வேனை மண்மேட்டில் ஏற்றிவிட்டார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. தினமும் மாஸ்க் போட்டு, இந்த மிஷின் தள்ளும் காற்றோடுதான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூக்கு அரிக்கிறது, குழாய் இழுக்கிறது என்று அப்பா தினம் ஒரு சாக்குச் சொல்வார். அம்மா விடமாட்டாள்.

அந்தப் பூஜையில் மிஷினையும் தூக்கிப்போய் ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்தேன். குழாய்க்குச் சாமந்திச் சரம் சுற்றினேன். மாஸ்க்குக்கு நெற்றி எது என்று தெரியாததால் மூன்று இடத்தில் பொட்டு வைத்தேன். கற்பூரம் காட்டி முடித்த பிறகுதான் அம்மா அதைக் கவனித்தாள்.

அப்பாவின் முகத்தில் அப்படியொரு பக்தியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“சாமிகிட்ட வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும். கொழந்த வேற ஆசையா வெச்சிருக்குது. இன்னிக்கு ஒருநாள் போவட்டும்” என்றார்.

“நாளைக்குக் காலைல உங்களுக்கு சவாரி இருக்குதுங்க.”

“ஒரு ராத்திரில இன்னா ஆயிடும்?”

அம்மா இன்னொரு தேங்காயை எடுத்து உடைத்தாள். மறுநாள் செய்ய வேண்டிய பூஜையை அந்த மிஷினுக்கு மட்டும் அப்போதே செய்து முடித்தாள். சரத்தைக் கழற்றி, ஈரத்துணியால் பொட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அடுத்து என் கணக்குப் புத்தகத்துக்கும் இந்தக் கதி வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அப்பா கட்சியில் சேர்ந்துகொண்டு, “சாமி கண்ண குத்தும்மா” என்றேன்.

“குத்தட்டும்டி. இது வந்தப்புறம்தான் நானே கண்ண மூடித் தூங்கறேன்.”

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. அப்பா எழுந்துபோய்த் துணியை அவள் கையிலிருந்து வாங்கி, மீதிப் பொட்டைத் தானே துடைத்தார். அன்று ராத்திரி, யாரும் சொல்லாமலே மாஸ்க்கை மாட்டிக்கொண்டார்.

பாவம், அம்மாவுக்கும் தூக்க வியாதிதான் போலிருக்கிறது என்று நான் முடிவு செய்துவிட்டேன். மறுநாள் சவாரிக்குக் கிளம்பிய அப்பாவிடம், “அம்மாக்கும் ஒரு மிஷின் வாங்கிக் குடுப்பா” என்றேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சு நின்ற ஒவ்வொரு முறையும், அது திரும்பி வரும்வரை இருட்டில் உட்கார்ந்து காத்திருந்தவள் அவள் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.