குளிருக்குத் துணை போன அபோண்டி

அபோண்டி என்ற பெயரை ரிஸ்பா முதன்முதலில் கேட்டது களித் தட்டின் முன்னால். ஏரியிலிருந்து பசியோடு வந்த அவள் புருஷன் ஓபியேரோ களியைப் பிட்டு மீனைத் தொட்டான். "அபோண்டி பொரிச்சா முள்ளுகூட மொறுமொறுன்னு இருக்கும்" என்றான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. மெல்லுவதை நிறுத்திக்கொண்டான்.

அடுத்த அறுவடைக்குள் முற்றத்தின் இடப்பக்கம் இரண்டாவது வீடு எழும்பிவிட்டது. ஏரிக்கரையில் மீன் பொரித்து விற்றவள், முன்பல் சந்து தெரியச் சிரிப்பவள், அபோண்டி அதில் இளைய மனைவியாகக் குடியேறினாள்.

"அக்கா, உன் சட்டியை நான் தொடமாட்டேன்."

"இதுவரைக்கும் தொட்டது போதும்டி" என்றாள் ரிஸ்பா.

ரத்தத்தில் ஒளிந்து ஆளை உருக்கும் அந்த நோய் வீடு வீடாக ஆள் எடுத்த வருஷங்கள் அவை. ஓபியேரோவின் அண்ணன் சேவே வீட்டில் மட்டும் இரண்டு மகன்கள், மூத்த மருமகள், அவள் தங்கை என்று நாலு பேர். ஓபியேரோவின் ரத்தத்திலும் அது இருந்தது. ஆனால் அவன் படுக்கவில்லை. மாத்திரை இன்னும் ஊருக்கு வராத காலத்தில் பதினாலு வருஷம் வலை இழுத்தான். ஆராய்ச்சி நிலையத்தார் வாயைப் பிளந்தார்கள். மாதாமாதம் ரத்தம் எடுத்தார்கள். பதினைந்தாம் வருஷம் நெஞ்சு வற்றிப் போய்ச் சேர்ந்தான். கடைசியாக ரத்தம் எடுத்த அன்று அவனுக்கு நினைவு தப்பியிருந்தது. அந்த ரத்தத்தை வைத்திருந்து ஆராயலாம் என்ற காகிதத்தில் பெருவிரல் வைத்தவள் அபோண்டி. அதன் பிறகு வந்த மாத்திரையால்தான், நோய் தொற்றியிருந்த இரண்டு மனைவிகளும் தப்பினார்கள்.

புதைத்து மூன்று மாதம் ஆகியிருக்கும். உச்சி வெயிலில் பொடிமீனைக் காயப்போட்டுவிட்டு ரிஸ்பா கண்ணயர்ந்தாள். ஓபியேரோ வந்து நின்றான். புருவமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. "குளிருது. போர்வை எங்கே?" என்றான். விழித்தபோது மணல் கொதித்தது, அவள் பல் கிட்டித்திருந்தது.

அபோண்டியிடம் சொன்னதும் அவள் கையிலிருந்த கரண்டி விழுந்தது. "உன்கிட்டயும் வந்தாரா?"

கல்லறை மேல் கம்பளி விரித்தார்கள். ஆடு அறுத்தார்கள். அவன் வருவது நிற்கவில்லை. வருஷக்கணக்காக வந்தான். ரிஸ்பா கொடியில் போட்ட துணி மாதிரி ஆகிப்போனாள். "ஒருநாள் வாடின்னு கூப்பிடுவாரு. எழுந்து போயிருவேன், பாத்துக்கோ" என்றாள். மாத்திரையைக்கூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான் விழுங்கினாள்.

அபோண்டிக்கு அந்த நிலையத்திலேயே தரை துடைக்கும் வேலை கிடைத்தது. மூடியைத் திறந்தால் வெள்ளைக் குளிர்ப்புகை கக்கும் தொட்டிகளை அங்கேதான் பார்த்தாள். உள்ளே என்ன என்று கேட்டாள். ரத்தம், என்றார்கள், பழசெல்லாம் இருக்கிறது, சாகாமல் இருக்கிறது. அன்று வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, அவர் மண்ணுக்குள்ள மட்டும் இல்ல. பாதி அங்க உறைஞ்சு கிடக்காரு. பெருவிரல் வச்சவ நான்."

அவர்கள் சொன்னதைக் கேட்டு அண்ணன் சேவே யோசித்தார். ஏரியில் மூழ்கி உடல் கிடைக்காதவனுக்குப் பதிலாக யாகோ மரத்தின் நீளக் காயைப் புதைப்பது வழக்கம். அந்தப் பாதிக்கும் அப்படியே செய்தார். "ஒருத்தனுக்கு ரெண்டு குழி" என்று ஏரிக்கரையில் சிரித்தார்கள். எட்டாம் நாள் ஓபியேரோ கோபமாக வந்தான். "காணாமப் போனவனுக்குப் பண்றதை எனக்குப் பண்ணீங்களா? நான் இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் நிலையத்து டாக்டர் வசோங்காவிடம் போனார்கள். அவன் சேவே மனைவியின் அத்தை பேரன். அதனால் ரிஸ்பா நேராகவே கேட்டாள்.

"எங்க ஆளைக் குடு தம்பி. புதைக்கணும்."

"குடுக்க முடியாது அம்மா. அதுல கிருமி உயிரோட இருக்கு. வேண்டாம்னு நீங்க எழுதிக் குடுத்தா எடுத்து எரிச்சிருவோம்."

"எரிக்கவே கூடாது" என்றாள் ரிஸ்பா. அவர்கள் குலத்தில் யாரையும் எரித்ததில்லை.

"அவரை வச்சு என்னதான் பண்றீங்க?" என்றாள் அபோண்டி.

"நம்ம செல்லுக்குள்ள சைக்ளோஃபிலின்னு ஒரு புரதம் இருக்கு. மத்த புரதங்களை ஒழுங்கா மடிச்சு வைக்கிற வேலைக்காரி மாதிரி. உள்ள நுழையற கிருமி அதை இழுத்துப் போர்த்திக்கும். அப்புறம் காவலுக்கு இருக்கிறவன் கண்ணுல படாது. உங்க வீட்டுக்காரர் உடம்புல இருந்த கிருமி எப்படியோ மாறிப்போச்சு, போர்வை அதுமேல நிக்கல. அதனாலதான் அத்தனை வருஷம் தாங்கினார்னு நினைக்கிறோம். உறுதியாச் சொல்ல இன்னும் பாக்கணும். அந்தப் போர்வையைப் பிடுங்கற மருந்து கிடைச்சா, வேற சில கிருமிக்கும் ஆகும்."

"அவரும் போர்வைதான் கேக்கறாரு" என்றாள் அபோண்டி. பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டினாள். "என்னுதையும் எடு. அவர் பக்கத்துல வை."

"சொந்தம் பாத்து வைக்கிற இடம் இல்லம்மா அது. நம்பர்தான்."

"என் நம்பரை அவர் நம்பர் பக்கத்துல வை. உள்ள தள்ளினவ நான்தானே?"

வசோங்கா ரிஸ்பாவைப் பார்த்தான். "நீங்களும் குடுக்கறீங்களா?"

"எனக்கு அங்க இடம் வேண்டாம்" என்றாள் ரிஸ்பா.

அபோண்டியின் ரத்தம் நிறைத்த குழாய் தொட்டிக்குள் இறங்கிய நாளிலிருந்து ஓபியேரோ வரவில்லை. ரிஸ்பா உடம்பு தேறினாள், மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாள், பட்டப்பகலில் பயமில்லாமல் தூங்கினாள். ஆனால் அபோண்டி காய்கிற வெயிலிலும் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு தரை துடைத்தாள்.

"என்னடி கோலம் இது?"

"ஒண்ணுமில்ல அக்கா. கொஞ்சம் குளிரு." பல் சந்து தெரியச் சிரித்தாள்.

ஆறு வருஷம் அப்படி இருந்து, நீண்ட மழைக்காலம் தொடங்கிய வாரம் போனாள். இரண்டு கம்பளியையும் சுற்றியே ரிஸ்பா அவளைப் புதைத்தாள். இன்றுவரை அபோண்டி ஒரு நாளும் வந்து நின்றதில்லை. சில மத்தியானங்களில் ரிஸ்பா வேண்டுமென்றே கண்ணை மூடிப் பார்க்கிறாள்.

முற்றத்தின் இடப்பக்கம், இரண்டாவது வீட்டின் அருகே அபோண்டியின் உடல் இருக்கிறது. அவள் ரத்தம் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது தொட்டியில், ஓபியேரோவின் ரத்தத்துக்கு அடுத்த குழாயில் இருக்கிறது.